சிறிய மரம் என்றால் இளைய மரமா? நெரிசலான தோப்பில் சில மரங்களை எடுத்துக் கலைத்து விடுவது பற்றி ஒரு வாசகிக்குப் பதில்

ஒரு வாசகி தம் குடும்பத்துக்குச் சொந்தமான தோப்பைப் பற்றி அளவுகளோடு விரிவாக எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும், அவரை அடையாளம் காட்டக்கூடிய பிற விவரங்களையும் நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய தந்தை 24 ஆண்டுகளுக்கு முன்பு 3 ஏக்கர் நிலம் முழுவதும் 2 மீட்டருக்கு ஒன்றாகத் தேக்குக் கன்றுகளை நட்டார். ஏறத்தாழ 3,000 கன்றுகளில் இன்று 2,000 மரங்கள் நிற்கின்றன. நட்ட நாள் முதல் ஒரு மரத்தைக்கூட வெட்டியதில்லை. தந்தை மறைந்த பிறகு வாசகியும் அவருடைய தம்பியும் கூட்டு உரிமையாளர்கள். மூன்று நான்கு ஆண்டுகளாக ஒல்லியான மரங்கள் நின்ற நிலையிலேயே காய்ந்து வருகின்றன. சென்ற ஆண்டு வீசிய காற்றில் பன்னிரண்டு மரங்கள் வில்லாக வளைந்து, இன்னும் நிமிரவில்லை. பெரும்பாலான மரங்கள் 15 மீட்டர் உயரமிருந்தும் அவற்றின் சுற்றளவு 40 சென்டிமீட்டர்தான். ஓரங்களிலும் சில திட்டுகளிலும் மட்டும் 75 சென்டிமீட்டர் சுற்றளவும் 17 மீட்டர் உயரமும் உள்ள நல்ல மரங்கள் இருக்கின்றன. இது நோயா, உரமிட்டால் சரியாகுமா என்பது அவருடைய முதல் கேள்வி. ஒரு மர வியாபாரி, “பெரிய மரங்களை நான் எடுத்துக்கொள்கிறேன், வெட்டுக்கூலி வேண்டாம், மேற்கொண்டு பணமும் தருகிறேன், சின்ன மரங்களுக்கு இடம் கிடைத்து அவை வளர்ந்துவிடும்” என்கிறாராம், ஒப்புக்கொள்ளலாமா என்பது இரண்டாவது. “அப்பா நட்டதை வெட்டக் கூடாது, காடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்” என்கிறாராம் தம்பி. அவர் சொல்வது சரியா என்பது மூன்றாவது.

அன்புள்ள வாசகிக்கு,

மூன்று கேள்விகளில் இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் அவசரம். அந்த வியாபாரியின் யோசனைக்கு இப்போது ஒப்புக்கொள்ளாதீர்கள். முன்பணம் எதுவும் வாங்காதீர்கள். அவர் உங்களை ஏமாற்ற நினைக்கிறார் என்று நான் சொல்லவில்லை. தொழிலில் இருப்பவர்களிலும் பலர் அவர் சொல்வதை உண்மையாகவே நம்புகிறார்கள். ஆனால் அந்த யோசனை ஒரு தவறான எண்ணத்தின் மேல் நிற்கிறது. உங்கள் கடிதத்திலும் அது ஓரிடத்தில் எட்டிப் பார்க்கிறது. சிறிய மரங்களை நீங்கள் “இளசுகள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அவை இளசுகள் அல்ல. உங்கள் தோப்பில் உள்ள தேக்குகள் அத்தனையும் ஒரே பருவத்தில் நடப்பட்டவை. 40 சென்டிமீட்டர் மரத்துக்கும் 75 சென்டிமீட்டர் மரத்துக்கும் வயது 24தான்.

இதை நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்ள முடியும். பட்டுப்போன ஒல்லி மரம் ஒன்றை அடியோடு அறுக்கும்போது அதன் அடிக்கட்டையைத் தேய்த்து வழவழப்பாக்கி, சற்று நீர் தெளித்துப் பாருங்கள். தேக்கு ஆண்டுதோறும் இலையுதிர்க்கும் மரம். வளர்ச்சி நின்று மீண்டும் தொடங்கும் இடத்தில் பெரிய துளைகள் வரிசையாக அமைவதால் அதன் ஆண்டு வளையங்கள் கண்ணுக்கே தெரியும். நடுவில் உள்ள முதல் ஏழெட்டு வளையங்கள் அகலமாக விரிந்திருக்கும். அதன் பிறகு அவை சுருங்கிச் சுருங்கி, பட்டையை ஒட்டிய கடைசி வளையங்கள் நகக்கீறல் போல நெருங்கி, எண்ணவே முடியாதபடி ஆகியிருக்கும். பக்கத்து மரங்களின் தலைகள் எந்த ஆண்டில் இந்த மரத்தின் தலைக்கு மேல் மூடினவோ, அந்த ஆண்டை அந்தக் கட்டையிலேயே விரல் வைத்துக் காட்டிவிடலாம்.

ஆகவே இது நோயோ சத்துக் குறைவோ அல்ல, நெரிசல். நீங்கள் கொடுத்த அளவுகளிலேயே அது தெரிகிறது. சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும்; 40 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மரத்தின் விட்டம் 13 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 15 மீட்டர் உயரத்தை அந்த விட்டத்தால் வகுத்தால், உயரம் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 118 மடங்கு என்று வருகிறது. இந்த விகிதம் 80ஐத் தாண்டும்போதே வனவியலாளர்கள் கவலைப்படத் தொடங்குவார்கள். 100ஐத் தாண்டினால் அந்த மரம் காற்றில் தனியாக நிற்கும் வலுவை இழந்துவிட்டது என்று கொள்ளலாம். உங்களுடைய 75 சென்டிமீட்டர் மரங்களுக்கு அதே விகிதம் 71தான். காற்றில் வளைந்தவை எவை, நிமிர்ந்து நின்றவை எவை என்று போய்ப் பாருங்கள். இந்தக் கணக்கு அங்கே அப்படியே நின்றுகொண்டிருக்கும். இந்த நிலையில் உரமிடுவது வீண். மரங்களுக்கு வெளிச்சமும் வேர் பரப்ப இடமும் போதவில்லை. உரத்தால் பலன் கிடைத்தாலும் அது ஏற்கெனவே மேலே எழுந்து நிற்கும் மரங்களுக்கே போய்ச் சேரும். கீழே அமுங்கியவை இன்னும் விரைவாக அமுங்கும்.

பெரியதை எடுத்து, சிறியதை விட்டால்

வியாபாரியின் யோசனையை நடைமுறைப்படுத்தினால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். 24 ஆண்டுப் போட்டியில் வென்ற மரங்கள் போய்விடும், தோற்றவை மிஞ்சும். தோற்ற மரத்தின் இலைத்தலை, மொத்த உயரத்தில் மேலே ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, ஒரு சிறு குஞ்சம் போல இருக்கும். மரம் தன் உணவை அந்தக் குஞ்சத்தில்தான் சமைத்தாக வேண்டும். நிழலைத் தாங்கும் சில மர இனங்கள் வெளிச்சம் கிடைத்ததும் மெல்ல மீண்டு வரும். தேக்கு அப்படிப்பட்டதல்ல, அது வெளிச்சத்தையே நம்பி வாழும் மரம், நீண்ட நாள் அமுங்கிய பிறகு அது நல்ல மரமாகத் தேறுவது அரிது. அதோடு, இதுவரை அந்த ஒல்லி மரங்கள் நின்றதே பெரியவற்றின் மறைவில்தான். மறைவை எடுத்துவிட்டால் அடுத்த பெருங்காற்றிலேயே அவை வரிசையாகச் சாய்ந்துவிடும்.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இதே போன்ற ஒரு தோப்பில் இதே போன்ற ஒப்பந்தம் முடிந்து மூன்றாம் ஆண்டு என்னை அழைத்தார்கள். பாதி மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. நின்றவற்றின் அடிமரத்தில் பாட்டில் துடைக்கும் தூரிகை போலச் சிறு தளிர்கள் மொய்த்திருந்தன. நிலம் முழுக்கக் கொடியும் முள்ளும் ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தன. உரிமையாளர் மரம் விற்ற பணத்தைப் போல் பல மடங்கை நிலத்தைச் சீராக்கவே செலவிட வேண்டியிருந்தது. அங்கே நான் சொல்வதற்கு நல்ல செய்தி எதுவும் இல்லை; உங்களுக்கு இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பணக் கணக்கும் வேறுவிதமாகவே இருக்கிறது. ஒரே தடிமன் உள்ள வளையம் ஒல்லி மரத்தைச் சுற்றி அமைவதைவிடப் பெரிய மரத்தைச் சுற்றி அமையும்போது சேரும் கட்டை மிகவும் அதிகம். தேக்கில் விலை பெறுவது நடுவில் உள்ள வைரம் பாய்ந்த பகுதி. வெளியே உள்ள வெள்ளைக்கட்டைக்கு மதிப்புக் குறைவு. மரம் பருக்கப் பருக்க மொத்தத்தில் வைரத்தின் பங்கு கூடுகிறது. வியாபாரி இப்போது கேட்கும் மரங்கள் இனிமேல்தான் தங்கள் மதிப்பான வளர்ச்சியைத் தொடங்கப் போகின்றன.

தம்பி சொல்வதில் உள்ள உண்மை

காடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது பொய்யல்ல. நட்ட 3,000த்தில் 1,000 போய்விட்டதே, அதைச் செய்தது காடுதான். அமெரிக்க வனவியலாளர் ரெய்ன்கே 1933இல் இதற்கு ஒரு கணக்கே கண்டார். முழு நெரிசலில் உள்ள ஒரே வயதுத் தோப்பில் சராசரி விட்டம் இரண்டு மடங்காகும்போது, அங்கே உயிரோடு நிற்கக்கூடிய மரங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆகவே உங்கள் 2,000 மரங்களும் இப்படியே பருத்து நிற்கப் போவதில்லை. நீங்கள் கத்தியைத் தொடாவிட்டாலும் பெரும்பாலானவை சாகத்தான் போகின்றன. எவை, எவ்வளவு காலத்தில், மற்றவற்றை எவ்வளவு நலியவைத்த பிறகு என்பதில்தான் உங்களுக்குத் தெரிவு இருக்கிறது.

இயற்கைக் காட்டில் பல வயதும் பல இனமும் கலந்திருப்பதால் இந்தப் போட்டியில் சீக்கிரமே உயர்வு தாழ்வு ஏற்பட்டு, வென்ற மரங்கள் வலுவாக நிற்கும். ஒரே நாளில், ஒரே இடைவெளியில் நட்ட தோப்பிலோ எல்லாம் கிட்டத்தட்ட சமபலத்தோடு போட்டியிட்டு, எல்லாமே சேர்ந்து ஒல்லியாகி விடுகின்றன. வறட்சி வந்தால் இருக்கும் நீரை 2,000 வேர்த்தொகுதிகள் பங்கிட வேண்டும். நலிந்த மரத்தைத்தான் தண்டு துளைக்கும் புழுவும் வேரழுகலும் தேடி வரும். நெருங்கி முளைத்த நாற்றுகளைக் கலைத்து விடுவதை யாரும் அழிவு என்று சொல்வதில்லை. மரத்தோப்பில் அதே வேலையைச் செய்வதைத்தான் கலைத்தல் என்கிறோம். உங்கள் தந்தை 2 மீட்டர் இடைவெளியில் நட்டதற்கும் நல்ல காரணம் உண்டு: நெருக்கமாக நட்டால் மரம் நேராக எழும்பும், பக்கக் கிளை குறையும், களையும் அடங்கும். ஆனால் அப்படி நடுபவர்கள், பின்னாளில் இடையிடையே எடுப்பதை மனத்தில் கொண்டே நடுவார்கள். எடுக்காமல் விட்டதற்கு என்ன காரணமோ நமக்குத் தெரியாது. தொடங்கிய வேலை பாதியில் நிற்கிறது என்று தம்பியிடம் சொல்லிப் பாருங்கள்.

எத்தனை மரங்கள், எத்தனை முறை

முதலில் அளவு. 5 மீட்டர் 64 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கயிறு எடுத்து, ஒரு முனையை முளையில் கட்டி வட்டமாகச் சுற்றி வாருங்கள். அந்த வட்டத்தின் பரப்பு 100 சதுர மீட்டர். உள்ளே நிற்கும் மரங்களை எண்ணி, ஒவ்வொன்றின் சுற்றளவையும் மார்பு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டரில், அளந்து எழுதுங்கள். தோப்பின் வெவ்வேறு இடங்களில் பத்து வட்டங்கள் போதும். உங்கள் எண்ணிக்கைப்படி ஒரு வட்டத்தில் சராசரியாக 16 மரங்கள் இருக்க வேண்டும்.

இலக்குக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. ஜாவாவின் தேக்குக் காடுகளில் பணியாற்றிய டச்சுக்காரர் ஹார்ட் 1928இல் மரங்களின் சராசரி இடைவெளியை அங்குள்ள மிக உயர்ந்த மரங்களின் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை முன்வைத்தார். இடைவெளி, உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி இருப்பது நடைமுறையில் நல்ல அளவு. உங்களிடம் உயர்ந்த மரங்கள் 17 மீட்டர் என்றால் இடைவெளி 3.4 மீட்டர் வேண்டும். இப்போது இருப்பதோ ஏறத்தாழ இரண்டரை மீட்டர். 3.4 மீட்டர் என்றால் 3 ஏக்கரில் சுமார் 1,050 மரங்கள்.

இதைப் படித்துவிட்டு ஒரே மூச்சில் 950 மரங்களை எடுத்துவிடாதீர்கள். இத்தனை ஆண்டு நெரிசலில் நின்ற மரங்களைத் திடீரெனத் திறந்துவிட்டால் காற்று சாய்க்கும், நிழலிலேயே இருந்த பட்டையை வெயில் வெடிக்க வைக்கும், களை ஏறும். கலைத்த பிறகு வரும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள்தான் மிக ஆபத்தானவை. அதற்குள் மிஞ்சிய மரங்கள் வேரையும் அடிமரத்தையும் பலப்படுத்திக்கொள்ளும். முதல் முறை 400 முதல் 500 மரங்கள், நான்கைந்து ஆண்டு கழித்து மறுபடி ஒரு சுற்று, தேவையானால் மூன்றாவது சுற்று என்று போங்கள். வழக்கமாகக் காற்று வீசும் பக்கத்து ஓரத்தில் 10 முதல் 15 மீட்டர் அகலத்துக்கு முதல் முறை கை வைக்கவே வேண்டாம். அதுதான் தோப்பின் மதில்.

எதை வெட்டுவது என்று தொடங்காதீர்கள்

எதை வைத்துக்கொள்வது என்று தொடங்குங்கள். இலை முழுதாகத் தழைத்திருக்கும் பருவத்தில், அண்ணாந்து பார்த்தபடி நடந்து, தலை நிறைய இலையும், நேரான தண்டும், காயமோ தாழ்ந்த கவையோ இல்லாத அடிமரமும் உள்ள மரங்களைத் தேடி, ஏழெட்டு மீட்டருக்கு ஒன்றாகத் துணிநாடா கட்டுங்கள். 3 ஏக்கரில் இப்படி 200 மரங்கள் கிடைக்கும். பிறகு ஒவ்வொரு நாடா மரத்தின் அடியிலும் நின்று மேலே பாருங்கள். அதன் தலையோடு தலை உரசும் மரங்களில் மிக நெருக்கமான இரண்டை மட்டும் வெட்டுவதற்குக் குறியிடுங்கள். அவை பல நேரங்களில் நல்ல பருமனான மரங்களாகவே இருக்கும். மனம் தயங்கும், ஆனால் உண்மையான போட்டியாளர் அவைதான். கீழே அமுங்கி நிற்கும் ஒல்லி மரம் நாடா மரத்துக்குப் பெரிய இடைஞ்சல் செய்வதில்லை. அதை எடுத்தாலும் நாடா மரத்துக்குக் கூடுதல் வெளிச்சம் கிடைக்காது. ஆகவே வளைந்தவை, பட்டுப்போகத் தொடங்கியவை தவிர மற்றவற்றை இந்தச் சுற்றில் விட்டுவிடலாம்.

காய்ந்த மரங்கள் எல்லாவற்றையும் எடுத்துத் தோப்பைச் “சுத்தம்” செய்யப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதையும் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். ஆட்கள் நடக்கும் பாதையின் மேல் விழக்கூடியவற்றை மட்டும் எடுங்கள். உள்ளே தள்ளி நிற்கும் பட்ட மரங்களில் சிலவற்றை விட்டுவையுங்கள். மரங்கொத்தி போட்ட பொந்தில் ஆந்தை குடியேறும், அந்த ஆந்தை வேர் கறிக்கும் எலிகளைப் பார்த்துக்கொள்ளும். பறவைகள் போட்ட விதையில் முளைத்திருப்பதாக நீங்கள் சொல்லும் வேறு இன மரக்கன்றுகளையும் காப்பாற்றுங்கள். ஒரே இனத் தோப்பில் அவை பெரிய வரம். வெட்டிய மரங்களின் இலையும் சிறு கிளைகளும் அங்கேயே பரவலாகக் கிடக்கட்டும், மண்ணுக்குரிய சத்து அதில்தான் இருக்கிறது. குவித்து எரிக்கவும் வேண்டாம், நாடா மரங்களின் அடியில் குவிக்கவும் வேண்டாம். கோடையில் அங்கே ஒரு தீப்பொறி போதும்.

தேக்கின் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். வெளிச்சத்துக்கு ஏங்கும் அந்தத் துளிர்களை முதல் இரண்டு ஆண்டுகளிலும் நறுக்கி விடுங்கள்.

உரிமையும் ஒப்பந்தமும்

சொந்த நிலத்தில் நிற்கும் மரம் என்பதாலேயே அதை வெட்டும் உரிமை முழுதும் நம்முடையது என்று பலர் எண்ணுகிறார்கள். பல நாடுகளில் வெட்டுவதற்கும், வெட்டிய மரத்தைச் சாலையில் எடுத்துச் செல்வதற்கும் தனித்தனியாக அனுமதி வேண்டும். சில இனங்கள் தனிப் பாதுகாப்பில் இருக்கும். குறியிட்ட மரங்களின் பட்டியலோடு உங்கள் பகுதி வன அலுவலகத்துக்குப் போய், எழுத்தில் பதில் பெற்ற பிறகே கோடாரி உள்ளே வர வேண்டும். அதைப் போலவே, நிலம் கூட்டு உரிமையில் இருப்பதால் தம்பியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் நீங்கள் மட்டும் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். நாளை அது வியாபாரியோடு அல்ல, உங்கள் இருவருக்குள்ளேயே வழக்காகிவிடும். எல்லைக் கோட்டின் மேல் நிற்கும் மரங்களைப் பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

ஒப்பந்தத்தில், குறியிட்ட மரங்கள் மட்டுமே விற்கப்படுகின்றன என்பதும், குறியில்லாத மரத்தை வெட்டினாலோ காயப்படுத்தினாலோ எவ்வளவு ஈடு என்பதும், வேலையாட்களின் காப்பீடு யார் பொறுப்பு என்பதும் இருக்க வேண்டும். குறியிடும்போது ஒவ்வொரு மரத்திலும் இரண்டு இடங்களில் வண்ணம் பூசுங்கள்: ஒன்று மார்பு உயரத்தில், மற்றொன்று தரையை ஒட்டி, அறுப்பு விழும் இடத்துக்குக் கீழே. மேலே உள்ள குறி மரத்தோடு லாரியில் போய்விடும். கீழே உள்ளது அடிக்கட்டையில் தங்கும். வேலை முடிந்த மாலையில் கட்டைகளைச் சுற்றி வந்தால், வண்ணம் இல்லாத கட்டை ஒன்று இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.

வெட்டும் வேலையை நீங்களோ தம்பியோ இயந்திர ரம்பத்தை வாடகைக்கு எடுத்துச் செய்ய வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். நெரிசலான தோப்பில் வெட்டிய மரம் தரைக்கு வராமல் பக்கத்து மரத்தின் கிளையில் சாய்ந்து தொங்கும். அதன் அடியில் போய் நிற்பதும், அது சாய்ந்திருக்கும் மரத்தை வெட்டுவதும் உயிரைப் பறிக்கும் தவறுகள். பயிற்சி பெற்ற ஆட்கள் செய்யட்டும். பார்ப்பவர்கள் மர உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தொலைவில் நிற்கட்டும். மண் காய்ந்திருக்கும் காலத்தில், பறவைகள் கூடு கட்டாத மாதங்களில் வேலையை வையுங்கள். கட்டைகளை இழுக்க ஓரிரண்டு தடங்களை மட்டும் ஒதுக்குங்கள். ஈர மண்ணில் கனமான வண்டி எல்லா இடத்திலும் ஓடினால் வேர்கள் நசுங்கி, கலைத்ததன் பலன் பாதியாகிவிடும்.

முதல் சுற்றில் கிடைக்கும் கட்டைகளுக்குப் பெரிய விலை கிடைக்காது. வெட்டுக்கூலியும் ஏற்றுக்கூலியும் போகக் கையில் கொஞ்சம் மிஞ்சினாலே நல்லது. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் வேலையின் நடுவில், “இன்னும் நாலு பெரிய மரம் சேர்த்துக் கொடுங்கள், நஷ்டமாகிறது” என்று வியாபாரி கேட்கும்போது மனம் இளகிவிடும்.

தம்பியைச் சம்மதிக்க வைக்க வாதம் செய்ய வேண்டாம் என்று நினைக்கிறேன். துணிநாடாக்களை அவர் கையில் கொடுத்து, அப்பாவின் மரங்களில் எந்த 200ஐப் பேரன் பேத்திகளுக்கு விட்டுச் செல்லலாம் என்று அவரையே தெரிவு செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் குறிப்பேட்டோடு நடங்கள். நாடா கட்டிய மரங்களில் இருபதுக்கு எண் எழுதி, 1.3 மீட்டரில் ஒரு வண்ணக்கோடு இட்டு, அந்தக் கோட்டின் மேலேயே ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் சுற்றளவை அளந்து வாருங்கள். முதல் ஆண்டு பெரிய மாற்றம் தெரியாது. மரம் முதலில் தலையை விரித்துக்கொள்ளும். மூன்றாம் ஆண்டு அளவையும் இந்த ஆண்டு அளவையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். இரண்டாம் சுற்றை எப்போது வைப்பது என்பதை அந்த இருபது எண்களை வைத்துக்கொண்டு பேசுவோம்.